நிலாவெளிக் கடற்கரையில டென்ட் அடிக்கலாமோ?

ஆவணி லீவுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து பிள்ளையளோட வான்ல திருகோணமலை வாறம். போன முறை ஹொரவப்பொத்தானை ரோட்டில டயர் பஞ்சராகி, வந்து சேரவே இருட்டி, அவசரத்தில அடிச்ச டென்டையும் கச்சான் காத்து தூக்கிட்டுது, சின்னவள் விடியுமட்டும் அழுகை. இந்த முறை என்ன செய்யலாம்?

— மணலுக்க சின்ன ஆணி நிக்காது அண்ணை. உரப்பையில மணல் நிரப்பி, டென்ட் கயித்தை அதில கட்டி மணலுக்க தாட்டு விடுங்கோ. கடற்கரையில அடிக்க முதல் அங்கத்தை ஆக்களிட்டக் கேளுங்கோ. ஸ்பெயார் டயருக்கும் காத்துப் பாருங்கோ.

— புறாமலைத் தீவுக்கு காலமையே போட்ல போங்கோ, பிறகு காத்தெழும்பும். பவளப்பாறையில மட்டும் பிள்ளையளை மிதிக்க விடாதேங்கோ, அது உயிருள்ளது, முறிஞ்சா வளர எத்தினையோ வருசம்.

— கன்னியா வெந்நீர்க் கிணறுகளை விடாதேங்கோ! 7 கிணறும் ஒவ்வொரு சூடு. பின்னேரம் கோணேசர் கோயில், போற வழியில கோட்டைக்குள்ள மான் நிக்கும்.

— நன்றி எல்லாருக்கும், உரப்பை இப்பவே எடுத்து வைச்சிட்டன்.