நான்கு ஸ்பீக்கர் பழைய கிடார் பெட்டி: சீர்செய்வதா, மாற்றியமைப்பதா?

கம்பிநாதம்:
1970களில் செய்யப்பட்ட, 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு பொருத்திய மூடிய பெட்டி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. உள்ளே இருப்பவை செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் வகை ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் 25 வாட், 16 ஓம். உடலும் பின்பலகையும் ஒட்டுப்பலகை. ஸ்பீக்கர்கள் பூட்டிய முன்பலகை மட்டும் துகள்பலகை. அது ஈரம் குடித்துக் கீழ்விளிம்பில் உப்பியிருக்கிறது. இடப்பக்கத்து இரண்டு ஸ்பீக்கர்களில் ஒலியே இல்லை. அவற்றுக்குப் பதிலாக அதே நிறுவனத்தின் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் இரண்டை வைத்து, முன்பலகையைப் புதிதாக வெட்டி, பின்புறத்தைப் பாதி திறந்துவிடலாம் என்று எண்ணுகிறேன். என் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 50 வாட் வால்வு வகை, அதாவது வெற்றிடக்குழாயில் இயங்குவது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ரம்பக்காரன்:
நல்ல திட்டம், தயங்காமல் செய்யுங்கள். பெட்டி வாசிப்பதற்காகச் செய்யப்பட்டது. இவ்வகைப் பெட்டி உருவான காலத்தில் 12 அங்குல கிடார் ஸ்பீக்கர்கள் பலவும் 15 முதல் 25 வாட் வரையே தாங்கின என்பதால்தான் நான்கை ஒரே பெட்டிக்குள் அடைத்தார்கள். இன்று வின்டேஜ் 30 ஒன்றே 60 வாட் தாங்கும்போது, அன்றைய கட்டுப்பாட்டை நாம் ஏன் சுமக்க வேண்டும்? உப்பிய துகள்பலகையைக் காப்பாற்றுவதும் வீண்வேலை. துகள்கள் ஒருமுறை பிரிந்துவிட்டால் திருகு பிடிக்காது. பிடிக்காத திருகு ஒவ்வொரு தாழ்ந்த சுரத்துக்கும் அதிரும்.

பழம்பலகை:
நண்பர் ரம்பக்காரன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிதான் அச்சமூட்டுகிறது. கிரீன்பேக்கின் உணர்திறன் (ஒரே அளவு மின்திறனுக்கு எழும் ஒலியளவு) 97 டெசிபெல், வின்டேஜ் 30க்கு 100 டெசிபெல் என்று செலஸ்டியனே குறிப்பிடுகிறது. இந்த 3 டெசிபெல் இடைவெளியை ஈடுகட்ட வேண்டுமானால் கிரீன்பேக்குக்கு இரு மடங்கு மின்திறன் தர வேண்டும். நான்குக்கும் சமமாகவே பங்கு போகும் பெட்டியில் புதியவை இரண்டும் முன்னால் நின்று பேசும். நீங்கள் எதற்காக இப்பெட்டியை விரும்பினீர்களோ அந்தக் குரல் பின்னணிக்குப் போய்விடும். தாங்குதிறனிலும் ஆதாயமில்லை. சமப்பங்கு என்பதால் மொத்த எல்லையை 25 வாட் ஸ்பீக்கரே வகுக்கிறது. ஆகவே அது முன்போலவே 100 வாட்தான்.

பின்புறத்தைத் திறப்பது இதைவிடப் பெரிய மாற்றம். ஸ்பீக்கரில் அசைந்து ஒலியெழுப்பும் காகிதக் கூம்பின் பின்பக்கத்திலிருந்து வரும் அலை முன்னலைக்கு நேர் எதிரானது. திறந்த பெட்டியில் அது விளிம்பைச் சுற்றி முன்னே வந்து தாழ்ந்த ஒலிகளைக் கரைத்துவிடும். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று கூம்புக்கு வில்போல நின்று அதன் அசைவைக் கட்டுப்படுத்துகிறது. அந்த வில்லை எடுத்துவிட்டால், ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தடித்த ஈ கம்பியை ஓங்கி மீட்டும்போது ஐம்பது வயதுக் கூம்பு எவ்வளவு தூரம் பாயும் என்பதை யோசியுங்கள்.

ஓம்விதி:
இருவரும் வாதிட்டுக்கொண்டிருக்கட்டும். ஸ்பீக்கர்களை அளந்து பார்த்தீர்களா என்று கம்பிநாதத்திடம் யாரும் கேட்கவில்லையே! இவ்வகைப் பெட்டியில் இரண்டு இரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு கிளைகளையும் பக்க இணைப்பில் சேர்க்கும் வழக்கம் உண்டு. நான்கு 16 ஓம் சேர்ந்து மொத்தமும் 16 ஓமாகவே நிற்கும். அந்த அமைப்பில் ஒரு ஸ்பீக்கரின் காயில் (coil, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) அறுந்தால் அதோடு தொடரில் இருக்கும் நல்ல ஸ்பீக்கரும் ஊமையாகிவிடும். ஒரே பக்கத்தில் இரண்டு அடங்கியிருப்பதே எனக்கு ஐயத்தைத் தருகிறது. கம்பிகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் தனித்தனியே பாருங்கள். நல்ல 16 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 12 அல்லது 13 ஓம் காட்டும்.

அதுவரை ஆம்பை இணைக்க வேண்டாம். ஒரு கிளை அறுந்த பெட்டி 32 ஓமாக நிற்கிறது. ஆம்பின் 16 ஓம் முனையில் அதை மாட்டி முழு ஒலியில் வாசித்தால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் அளவுக்கு மீறி எழும். எஞ்சிய இரண்டு ஸ்பீக்கர்களின் தாங்குதிறனும் சேர்ந்து 50 வாட்தான். 50 வாட் என்று எழுதப்பட்ட வால்வு ஆம்ப், ஒலி நன்றாக உடையும் நிலையில் அதைவிடக் கூடுதலாகவே தரும்.

கம்பிநாதம்:
வெட்கத்தோடு எழுதுகிறேன்: ஒரு வாரமாக அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். இன்று அளந்தேன். மேல் இடது ஸ்பீக்கர் 12.7 ஓம், அதாவது நலமாகவே இருக்கிறது. கீழ் இடது ஸ்பீக்கரில் எந்த அளவும் வரவில்லை.

ஓம்விதி:
ஆகவே போனது ஒன்றுதான். அதையும் உடனே தூக்கி எறிய வேண்டாம். முனையிலிருந்து கூம்புக்குப் போகும் பின்னல் கம்பி அசைந்து அசைந்து அறுந்திருக்கலாம். அது பற்றவைத்துச் சரிசெய்யக்கூடிய பழுது. விரல்களைச் சமமாக வைத்துக் கூம்பை மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசல் கேட்டால் காயில் கருகி உருக்குலைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கம்பிநாதம்:
பின்னல் கம்பி முழுதாக இருக்கிறது. அழுத்தினால் உப்புத்தாள் தேய்ப்பதுபோல உரசுகிறது.

ரம்பக்காரன்:
அப்படியானால் என் ஆலோசனையைத் திருத்திக்கொள்கிறேன்: ஒன்றுக்காக இரண்டு வின்டேஜ் 30 வாங்க வேண்டியதில்லை. ஆனால் பழுதானதற்குப் புதிய கூம்பும் காயிலும் போட்டுத் தரும்படி கொடுப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கூம்பின் காகிதமும் அதன் விளிம்பும்தான் ஸ்பீக்கரின் குரல். அவற்றை மாற்றிய பிறகு எஞ்சுவது பழைய காந்தமும் சட்டகமும் மட்டுமே. அதற்கு இன்றைய 16 ஓம் கிரீன்பேக் ஒன்றையே வாங்கிவிடலாம்.

பழம்பலகை:
புதிய கிரீன்பேக்கை நானும் எதிர்க்கவில்லை. 16 ஓமாக இருந்தால் மற்ற மூன்றோடும் பங்கு ஒத்துப்போகும். பழையதை மட்டும் பத்திரமாக எடுத்துவையுங்கள். கூம்பு மாற்றுவதைத் திறமையானவர் செய்தால் அந்தச் சட்டகத்துக்கு இன்னொரு வாழ்வு உண்டு என்பது என் எண்ணம். அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

முன்பலகை விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. விளிம்பு மட்டுமே உப்பியிருந்தால், நன்றாகக் காயவிட்டு, நீர்த்த மரப்பசையை ஊறவிட்டு, இருபுறமும் தட்டையான கட்டைகள் வைத்துக் கிளாம்பால் இறுக்கி ஒருநாள் விட்டுவிடுங்கள். துகள்பலகையின் மந்தமான அதிர்வும் அந்தப் பெட்டியின் ஒலியில் ஒரு பங்குதான்.

ரம்பக்காரன்:
பசை ஊறிய துகள்பலகை மறுபடி ஈரம் பட்டால் மறுபடியும் உப்பும். 18 மில்லிமீட்டர் பிர்ச் ஒட்டுப்பலகையில் நான் இரண்டு பெட்டிகளுக்கு முன்பலகை வெட்டியிருக்கிறேன். தாழ்ந்த ஒலி இறுகி வந்ததே தவிர, எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

பழம்பலகை:
'தோன்றவில்லை' என்பதுதான் சிக்கல். பழைய பலகை குப்பைக்குப் போன பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் என்ன இருந்தது?

ரம்பக்காரன்:
நியாயமான கேள்வி. ஒன்றும் இல்லை.

கம்பிநாதம்:
என் முடிவு இது: புதிய கிரீன்பேக் ஒன்று, முன்பலகைக்கு முதலில் பசை வைத்தியம். ஆனால் பின்புறம் திறந்த ஒலியைக் கேட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் போகவில்லை.

பழம்பலகை:
அதற்குப் பழைய பின்பலகையில் ரம்பம் வைக்காதீர்கள். அதே திருகுத்துளைகளுக்குப் பொருந்தும்படி இரண்டு பட்டைகள் வெட்டி மேலும் கீழும் பூட்டுங்கள். பிடிக்காவிட்டால் அரைமணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ரம்பக்காரன்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே தாங்கு கட்டை இருந்தால் அதை அந்தரத்தில் விடக்கூடாது. பட்டைகளுக்கு இடையே செங்குத்தாக ஒரு துண்டு வைத்து அதில் கட்டையைத் திருகுங்கள். இல்லாவிட்டால் முன்பலகை பறைபோல அதிரும், அதுவும் பசை போட்ட பலகை.

ஓம்விதி:
புதிய ஸ்பீக்கரைப் பூட்டியதும் ஒவ்வொன்றின் முனைகளிலும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு, நான்கு கூம்புகளும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஜாக்கில் மொத்தத்தை அளந்து இங்கே எழுதுங்கள். 13 ஓமை ஒட்டி வந்தால் ஆம்பை இணைக்கலாம். 26 வந்தால் ஒரு கிளை இன்னும் அறுந்தே நிற்கிறது, மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.