பிரிட்ஜ் டு டெராபிதியா: எட்டு வயசு பொண்ணுக்குப் போட்டுக் காட்டினது தப்பா?

மழைக்காகிதம்:
நேத்து நைட் பொண்ணோட உக்காந்து பிரிட்ஜ் டு டெராபிதியா (2007) பாத்தோம். போஸ்டர்ல கோட்டை, விநோத மிருகம் எல்லாம் இருந்துச்சா, சரி ஏதோ மாயாஜாலப் படம்னு நம்பி போட்டுட்டேன், முதல் ஒரு மணி நேரம் செம ஜாலி, அக்காவோட பழைய பிங்க் ஷூவ மாட்டிட்டு ஓட வந்த ஜெஸ்ங்கிற பையன, ஸ்கூலுக்குப் புதுசா வந்த லெஸ்லிங்கிற பொண்ணு ஓட்டப்பந்தயத்துல தோக்கடிக்கிறப்ப இவ சோஃபா மேல ஏறி குதிச்சா. அப்புறம் கடைசில அந்தப் பொண்ணு செத்துடுது. பாப்பா அழவே இல்ல, அதான் பயமா இருக்கு. தோசைய பிச்சுப் பிச்சு வச்சுட்டு "அவன் அவளையும் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா செத்திருக்க மாட்டால்லப்பா?"ன்னு மூணு தடவை கேட்டா. "அது சும்மா படம்டா, தூங்கு"ன்னு சொல்லி சமாளிச்சேன். காலைலயும் அதே கேள்வி. என்ன சொல்றது?

ரெண்டாம்ஷோ:
நீங்க மட்டும் ஏமாறல பாஸ், ட்ரெய்லரே அப்படித்தான் கட் பண்ணியிருந்தாங்க, நார்னியா மாதிரி மாயாஜாலப் படமா இருக்கும்னு போனவங்க அவ்ளோ பேரும் கண்ண துடைச்சுக்கிட்டு வெளிய வந்தாங்க. படத்துல ஜெஸ்ஸும் லெஸ்லியும் காட்டுல கற்பனை பண்ற டெராபிதியா ராஜ்யத்துல வர்ற அந்த ராட்சசன், பறக்குற பூச்சியெல்லாம் மொத்தமே கொஞ்ச நேரம்தான். என்னக் கேட்டா அதுவும் வேண்டியதில்ல, ரெண்டு பசங்க காட்டுல வெறும் மரத்தப் பாத்து கத்துறதே போதும்.

கரிச்சான்:
தப்பெல்லாம் இல்லைங்க. இந்தக் கதை வந்ததே ஒரு எட்டு வயசுக் குழந்தைக்காகத்தான். எழுத்தாளர் கேத்தரின் பேட்டர்சனோட பையன் டேவிட், அவனோட நெருங்கின தோழி 1974ல மின்னல் தாக்கி இறந்துட்டா. பையன் தவிக்கிறதப் பாத்துட்டு அந்தம்மா எழுதின நாவல் 1977ல வந்துச்சு, அடுத்த வருஷமே அமெரிக்காவுல குழந்தைங்க புக்குக்குக் குடுக்குற நியூபெரி விருது. அதே டேவிட் வளந்து இந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதினவங்கள்ல ஒருத்தர். சாவு, சாமி, நரகம்னு பேசுதேன்னு அமெரிக்காவுல ஸ்கூல் லைப்ரரில இருந்து இந்த புக்கை எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் புகார் குடுத்திருக்காங்க, அதனால உங்க பயம் ஒண்ணும் புதுசில்ல.

ஆனா உங்க பாப்பா கேட்டது சாவப் பத்தி இல்லையே. ஜெஸ்ஸுக்கு மியூசிக் டீச்சர் மேல ஒரு சின்ன கிறுக்கு, அவங்க மியூசியத்துக்குக் கூப்பிட்டப்ப தனியா போகணும்னு ஆசை, அதனாலதான் லெஸ்லியக் கூப்பிடல. அன்னைக்கு அவ தனியா கயித்துல தொங்கி ஓடைய தாண்டப் போய் கயிறு அந்துடுது. அந்த விபத்த படத்துல காட்டவே மாட்டாங்க, பையன் சந்தோஷமா வீட்டுக்கு வர்றான், எல்லாரும் ஒரு மாதிரி உக்காந்திருக்காங்க, அவ்ளோதான். கடைசில அப்பாகிட்ட "நான் அவளக் கூப்பிடலப்பா"ன்னு உடையுறானே, பாப்பா அங்கதான் நிக்குறா. "சும்மா படம்"னு சொன்னா எப்படி?

ஈரோட்டம்மா:
கரிச்சான் சொன்னதுதான் தம்பி. எனக்குப் பிடிச்சது அந்த கடுகடு கிளாஸ் டீச்சர். ஜெஸ் இன்னொரு பையன அடிச்சுட்டான்னு அவன வெளிய கூப்பிடுவாங்க, நாம திட்டப்போறாங்கன்னு நெனப்போம். ஆனா அந்த டீச்சர், "என் வீட்டுக்காரர் போனப்ப ஆளாளுக்கு அழாத, மறந்துடுன்னாங்க, எனக்கு மறக்க இஷ்டமே இல்ல"ன்னு அவன்கிட்ட சொல்வாங்க. ஒரு நிமிஷ சீன் இருக்குமா? பிள்ளைய தனியா உக்கார வச்சுக் கேளுங்க, உனக்கு அப்படி யாரையாவது கூப்பிடாம விட்டோம்னு இருக்கான்னு. பதில் வர்ற வரைக்கும் நீங்க பேசாதீங்க. போன கையில வச்சுக்காதீங்க, முக்கியம்.

ரெண்டாம்ஷோ:
நான் ஏதோ கிராஃபிக்ஸ் பத்தி பேசிட்டு இருந்தேன், இப்ப ஆபீஸ்ல உக்காந்து கண்ணு கலங்குது, போங்கய்யா.

மழைக்காகிதம்:
கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் சொல்றா, "அப்பத்தா ஊருக்கு வா கண்ணுன்னு கூப்பிட்டாங்க, நான் பர்த்டே பார்ட்டி இருக்குன்னு வரலன்னுட்டேன்". எங்கம்மா தவறி ஏழு மாசம் ஆச்சு. அந்த சனிக்கிழமைதான். இவ மறந்துட்டான்னு நாங்க நெனச்சுக்கிட்டு ஹால்ல இருந்த போட்டோவக்கூட உள்ள ரூம்ல மாட்டிட்டோம், பேச்சையே எடுக்குறதில்ல.

எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. நானும்தான் அந்த வாரம் லீவு இல்லன்னு போகலம்மான்னேன். அப்பதான் அழுதா, ரெண்டு பேருமே. அப்புறம் பரண்ல இருந்து அப்பத்தாவோட வெத்தலைப் பொட்டி வேணும்னா. எடுத்துக் குடுத்தேன். பாக்குவெட்டிய மட்டும் நான் வாங்கி வச்சுக்கிட்டேன், மீதி அவ ஸ்கூல் பேக்ல இருக்கு. சுண்ணாம்பு டப்பா மூடி தொறக்க வரலயாம், நாளைக்கு எண்ணெய் விட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.