‘பயங்கரவாத விலக்கு’ என்று எழுதலாமா? (மடல் இழை)

மஞ்சக்குப்பத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம்.

கல்யாண மண்டபம், லாட்ஜ், சிறு தொழிற்கூடம் நடத்துகிறவர்களுக்கான பொறுப்புக் காப்பீட்டு பாலிசி ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு தலைப்பில் நிற்கிறேன். பயங்கரவாதச் செயலில் விருந்தினருக்கு அடிபட்டு, ‘வாசலில் பையைச் சோதிக்கவில்லை, பின்கதவைப் பூட்டி வைத்திருந்தாய்’ என்று அவர் மண்டபக்காரர்மேல் வழக்குப் போட்டால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. அதைச் சொல்லும் பகுதிக்கு ‘பயங்கரவாத விலக்கு’ என்று தலைப்பிட்டிருந்தேன்.

நேற்று அந்தப் படியை ஒரு மண்டப மேலாளரிடம் கொடுத்தேன். வரிமேல் விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தவர், அந்தத் தலைப்பில் முகம் தெளிந்தார். “இதுக்கும் விலக்கு குடுத்திருக்காங்களா? பரவாயில்லையே” என்றார். வரிவிலக்கு, கட்டண விலக்கு என்று கேட்டுப் பழகிய காது. கீழே இருந்த மூன்று பத்தியையும் அந்த நினைப்போடுதான் படித்து முடித்தார்.

இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கியதும் இந்தப் பிரிவு எங்கும் பரவியது. நம் நாட்டில் 2002 ஏப்ரலில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து, அரசு மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி ரீ நிர்வாகத்தில், பயங்கரவாத இடருக்கென ஒரு கூட்டுத் தொகுப்பை ஏற்படுத்தின. அது கட்டடம், இயந்திரம் போன்ற சொத்துக்கு. தீ பாலிசியில் கூடுதல் பிரீமியம் கட்டி அதை வாங்கியவர், அடுத்தவர் போடும் வழக்குக்கும் அதுவே போதும் என்று இருந்துவிடுகிறார்.

என்ன சொல் போடலாம்?

கடலூர் முதுநகரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, குறை சொல்லில் இல்லை, வேற்றுமைத் தொகையில் இருக்கிறது. மதுவிலக்கு என்பது மதுவை விலக்குதல், இரண்டாம் வேற்றுமை. வரிவிலக்கு என்பது வரியிலிருந்து விலக்கு, ஐந்தாம் வேற்றுமை. ‘பயங்கரவாத விலக்கு’ இரண்டு பக்கமும் விரியும். மேலாளர் ஐந்தாம் வேற்றுமையாக விரித்தார், அவர்மேல் பிழையில்லை.

எனக்கு உறுத்துவது ‘பயங்கரவாதம்’தான். இரண்டு பாதியும் வடசொல். பே, நாம், உரும் மூன்றும் அச்சப் பொருள் என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறதே, அவை எதற்கு இருக்கின்றன? ‘உரும்வினை நீக்கம்’ என்று வைக்கலாம். மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களையும் பாருங்கள்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. கள்வரோடு அரசனையும் சேர்த்து எண்ணியிருக்கிறார் தொல்காப்பியர். உங்கள் பாலிசியில் அரசு ஏவிய செயலும் அடங்குமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து, காப்பீட்டு முகவர்

ஐயா, உரும் என்றால் இடியும்தானே? அந்தத் தலைப்பைப் பார்த்தால் இடி விழுந்தால் பணம் வராது என்றுதான் என் வாடிக்கையாளர்கள் நினைப்பார்கள். நாங்கள் வாயால் சொல்வது “இது கவர் ஆகாதுங்க” என்பதுதான். அது எல்லோருக்கும் புரிகிறது.

புதுச்சேரியிலிருந்து, ஓய்வுபெற்ற சட்ட ஆசிரியை

ஐயா கேட்டதற்கு விடை: அடங்கும். இந்தப் பிரிவில் வழக்கமாக வரும் வரையறை, தனியாளாகவோ, ஓர் அமைப்பின் சார்பிலோ, ஓர் அரசின் சார்பிலோ செய்த வன்செயல் என்றே தொடங்குகிறது. ஆனால் அங்கே நின்றுவிடுவதில்லை. அரசியல், மதம், கொள்கை போன்ற நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால்தான் அச்சத்தை மட்டும் தாங்கும் தனித்தமிழ்ச் சொல்லை நான் ஏற்கவில்லை. மாமூல் கேட்டு ஒரு ரவுடி நாட்டு வெடிகுண்டு வீசினால் தெருவே அஞ்சும். அது இந்த வரையறைக்குள் வராது. ‘அச்சுறுத்தல்’ என்று நீங்கள் எழுதினால் அதையும் உள்ளே இழுத்துவிடுவீர்கள். இழப்பு பாலிசிதாரருக்கு. பத்திரிகைகள் மாற்றி மாற்றிப் போடும் ‘தீவிரவாதம்’ அதைவிட மோசம்; அது ஒருவர் கொள்கையின் கடுமையைத்தான் சொல்லும், செயலைச் சொல்லாது. ‘பயங்கரவாதச் செயல்’ இருக்கட்டும்.

இன்னொன்று. சிப்காட்டில் அபாயகரமான ரசாயனம் கையாளும் ஆலைகள் 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி எடுக்கும் பாலிசி வேறு. அந்தச் சட்டம் ‘விபத்து’ என்பதை வரையறுக்கும்போது, போரோ கதிரியக்கமோ மட்டுமே காரணமானவற்றைத்தான் தள்ளுகிறது; அந்த இடத்தில் பயங்கரவாதம் என்ற பேச்சில்லை. இரண்டுக்கும் ஒரே தலைப்பை ஒட்டிவிடாதீர்கள். பிரான்சில் 1986இலேயே சட்டம் போட்டு, சொத்துக் காப்பீட்டில் பயங்கரவாதத்தைத் தள்ளக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் அங்கே வீடு வைத்திருக்கிறவர்கள், இங்கே மட்டும் ஏன் தனியாகக் கட்டவேண்டும் என்று கேட்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்

சட்ட ஆசிரியை அம்மா சொன்ன பிறகு ‘பயங்கரவாதச் செயல்’ உறுதி. ‘காப்பு நீக்கம்’ என்று வைத்துப் பார்த்தேன். வீட்டில் அம்மா, “திருவிழா முடிஞ்சு காப்பு அவுக்குறதா?” என்று கேட்டார்கள். ‘நீக்கம்’ என்றால் முன்பு இருந்து பிறகு எடுத்ததாகவும் ஆகிறது. இது தொடக்கத்திலிருந்தே இல்லாதது. அதனால் ‘சேரா இடர்’?

தமிழாசிரியர்

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அழகான சொல். ஆனால் மேலாளர் ‘சேர’ என்று படித்துவிட்டால் பொருள் தலைகீழாகும். ஒரு கால் எழுத்தை நம்பி இவ்வளவு பணத்தை வைக்காதீர்கள். ‘புறனடை’ என்று யாராவது சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: இயலின் கடைசியில் வரும் புறனடை, விட்டுப்போனதையும் உள்ளே சேர்த்துக்கொள்ள வைப்பது. நேர் எதிரான வேலை. உரும்வினையை நான் கைவிடவில்லை.

முகவர்

முழு வாக்கியமாகவே போட்டுவிடுங்கள். ‘காப்பில் சேராதவை: பயங்கரவாதச் செயல்கள்.’ கலைச்சொல் அகராதிக்கு ஆகாமல் போகட்டும், கையெழுத்துப் போடுகிறவருக்கு ஆகும்.

மொழிபெயர்ப்பாளர்

எழுதியவர்களில் பெரும்பாலோர் முகவர் சகோதரியின் பக்கம். இன்று காலை அதே மேலாளரிடம் புதிய படியைக் கொடுத்தேன். தலைப்பிலேயே நிறுத்தி, “அப்ப இதுக்குப் பணம் வராது. தனியா வாங்க முடியுமா?” என்று கேட்டார். கையெழுத்துக்கு முன்னால் அந்தக் கேள்வி வரவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். ஆங்கிலப் படியே செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருப்பது எனக்கும் தெரியும்.

ஓரிடம் பாக்கி. செயல் பயங்கரவாதம் என்று நிறுவனம் சொல்லிவிட்டால், அல்ல என்று காட்டுவது பாலிசிதாரர் வேலை என்று இந்தப் பிரிவு முடிகிறது. ‘நிரூபிக்கும் பொறுப்பு’ என்றால் பொறுப்புக் காப்பீட்டோடு குழம்பும். ‘மெய்ப்பிக்கும் சுமை’ என்று எழுதியிருக்கிறேன்.

சட்ட ஆசிரியை

சுமை சரி. தலைப்பில் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். நாளை ஒரு வழக்கறிஞர் மனு எழுதும்போது ‘விலக்கின் கீழ்’ என்று எழுத முடியும். ‘காப்பில் சேராதவையின் கீழ்’ என்று எழுத அவருக்குக் கை வருமா? உருபு ஏற்க ஒரு பெயர்ச்சொல் வேண்டும். அது இன்னும் நம்மிடம் இல்லை.