"கேட்காதே, சொல்லாதே" காலத்து ராணுவ உளவியலாளர்: கேடயமா, கண்ணியா?

சுக்குக்காப்பி:
"அமெரிக்க ராணுவத்தில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு வீரர்களுக்கு உளவியலாளர்கள்தான் கேடயமாக நின்றார்கள்" என்று நெய்தல் நேற்று எழுதியிருக்கிறார். கேடயமாம்! ஈர்ப்பை மறைத்தால் பணியில் இருக்கலாம், வெளியே தெரிந்தால் நீக்கம் என்ற "கேட்காதே, சொல்லாதே" சட்டம் நடப்பில் இருந்தபோது, ஆலோசனை அறையில் "எனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு" என்று ஒருவன் சொன்னால் அதை வைத்தே அவனை வீட்டுக்கு அனுப்பலாம். 2010 மார்ச்சில் பாதுகாப்புச் செயலர் கேட்ஸ் விதியைத் திருத்தும்வரை இதுதான் நிலை.

நெய்தல்:
ராணுவச் சாட்சிய விதி 513 வந்தது 1999இல். உளவியலாளரிடம் சொன்னது ரகசியம். படித்துவிட்டு எழுதலாமே சார்.

சுக்குக்காப்பி:
படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 513 ராணுவ நீதிமன்றத்துக்கு. ஆளை நீக்குவது நிர்வாக நடவடிக்கை. அங்கே அது செல்லாது. அந்தச் சட்டத்தில் வேலை இழந்த 13,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் நீதிமன்றப் படியே மிதிக்காதவர்கள்.

நெய்தல்:
விதி 1999இல் இருந்ததா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பனங்கிழங்கு:
ஒரு சந்தேகம். மனநல மருத்துவரையும் சேர்த்துத்தான் பேசுகிறீர்களா?

சுக்குக்காப்பி:
இருந்தது, நீதிமன்றத்துக்கு! மனநல மருத்துவர் யோக்கியதையும் தெரிந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் ஆள் எடுக்கும்போதே தன்பாலீர்ப்பு உள்ளவர்களைச் சலித்தெடுக்க வழி காட்டியவர்கள் அவர்கள். மாட்டியவர்களில் பலருக்கு நீலத் தாள், அதாவது நீலக் காகிதத்தில் அச்சிட்ட பணிநீக்கச் சான்று, கொடுத்து அனுப்பினார்கள். போர் முடிந்து வந்தவர்களுக்கு அரசு கொடுத்த படிப்புச் சலுகைகூட அந்தத் தாளால் போனது.

கல்லணை:
அமெரிக்க உளவியல் சங்கம் 1975லேயே தன்பாலீர்ப்பு நோயில்லை என்று தீர்மானம் போட்டது. ராணுவத்தின் பாகுபாட்டை எதிர்த்து 2004இல் இன்னொன்று. அதெல்லாம் கணக்கில் வராதா?

சுக்குக்காப்பி:
தீர்மானம் போட்டவர்கள் வெளியே. அறைக்குள் இருந்தவர் சீருடை போட்டவர், தளபதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஈராக்கில் துணையைப் பறிகொடுத்தவன் அவர் முன்னால் உட்கார்ந்து, செத்தது "என் சிநேகிதன்" என்றுதான் சொல்ல முடியும். அழுகைக்கு முழுக் காரணத்தையும் சொன்னால் வேலை போகலாம். இதில் என்ன சிகிச்சை நடக்கும்? காதில் போட்டுக்கொண்டு வெளியே சொல்லாத நல்லவர்களும் இருந்திருப்பார்கள். அது அவரவர் மனசு. விதி வீரன் பக்கம் இல்லை.

நெய்தல்:
ஆக, 1999இல் இருந்ததை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி.

சுக்குக்காப்பி:
ஃபாக்லாந்துப் போர் விவாதத்திலும் இதே வேலைதான். பாதி வாக்கியத்தைக் கத்தரித்துக்கொண்டு ஓடுவது.

நெய்தல்:
அங்கே கப்பல் பெயரைத் தப்பாக எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கல்லணை:
ஐயா, கப்பலை விடுங்கள். 2011 செப்டம்பர் 20இல் சட்டமே போய்விட்டது. அதற்குப் பிறகு உளவியலாளர் என்ன செய்தார் என்று யாராவது பேசுவீர்களா?

சுக்குக்காப்பி:
பதினேழு வருஷம் வாயைப் பொத்தி வைத்துவிட்டு மறுநாளே "வா தம்பி, மனசைத் திற" என்றால் எவன் திறப்பான்? அதையும் எழுதுகிறேன். முதலில் இவர் 513ஐ முழுதாகப் படிக்கட்டும்.

நெய்தல்:
1999. எத்தனை பத்தி எழுதினாலும் 1999தான்.

பனங்கிழங்கு:
என் சந்தேகம் அப்படியே நிற்கிறது.

சுக்குக்காப்பி:
நீதிமன்றத்துக்கு மட்டும். மட்டும்!