புதுப்பிப்பு: சேகோ ஆலைக்கு அரவை ஆபரேட்டர், கிழங்கும் அள்ளணும்

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கு அரவை மெஷின் ஓட்டவும் மரவள்ளிக் கிழங்கு அள்ளிப் போடவும் ஒரே ஆள் போதுமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். முடிவு: போதாது. வேண்டியது ஒரு ஆபரேட்டர், ஒரு அள்ளு ஆள். சீசன் இல்லாத நாளில் மட்டும் ஆபரேட்டர் இரண்டையும் பார்க்கலாம், அதையும் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மண்வெட்டியைக் கையில் கொடுத்தால் பத்தே நாளில் பக்கத்து ஆலைக்குப் போய்விடுவார், நியாயம்தான்.

அனுபவச் சான்றிதழைவிட அரை நாள் ஓட்டிப் பார்ப்பது மேல். கிழங்கோடு கல் உள்ளே போனால் சத்தம் மாறும். நல்ல ஆள் உடனே ஃபீடை, அதாவது கிழங்கு உள்ளே போவதை, நிறுத்துவார். டிரம்மைத் திறக்குமுன் மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, சுற்று முழுதாக நிற்கும்வரை காத்திருக்கிறாரா? இல்லையென்றால் அன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து திப்பி, அதாவது கிழங்கை அரைத்து மாவுப்பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியச் சொல்லுங்கள். வெள்ளையாகப் பால் வடிந்தால் மாவு வீணாகிறது: பிளேடு மழுங்கியிருக்கும், இல்லை தண்ணீர் குறைவு. எது என்று அவரே சொல்ல வேண்டும்.

சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால், ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பொருந்தும் ஆலையில் சம்பளத்தில் ஆள் பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25 சதவீதம். கைக்கு வரும் தொகையை முன்பே பேசிவிடுங்கள்.