புதுப்பிப்பு: டீப் ஹவுஸ் (ஒரு மின்னணு நடன இசை வகை) டிராக்கை 12 அங்குல வினைல் இசைத்தட்டுக்கு அனுப்பும் முன்

ஸ்ட்ரீமிங்குக்குச் செய்த மாஸ்டரையே (வெளியீட்டுக்கான இறுதி ஒலி ஃபைல்) வினைலுக்கும் அனுப்பலாமா என்று முந்தைய பதிவில் பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். லிமிட்டரை (உச்ச ஒலியை அமுக்கிப் பிடிக்கும் கருவி) கழற்றிவிட்டு, பீக், அதாவது உச்ச அளவு, மைனஸ் 3 டெசிபலைத் தாண்டாத 24 பிட் வேவ் ஃபைலாகத் தனியே எடுங்கள்.

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிதான் உயிர், சிக்கலும் அங்கேதான். சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ (இடதிலும் வலதிலும் ஒரே ஒலி) ஆகட்டும். இடது வலது சிக்னல்கள் எதிரெதிர் ஃபேஸில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றது இறங்குவது) இருந்தால் தட்டை வெட்டும் ஊசி மேலும் கீழுமாக ஆடும்; பள்ளம் ஆழமிழக்கும், இசைக்கும்போது பிளேயரின் ஊசி தாவும். பேஸ் சின்த்தில் கோரஸ் (ஒலியை இரட்டித்து அகலமாக்கும் எஃபெக்ட்) போட்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுவே.

45 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 45 சுற்று) ஒரு பக்கம் 10 நிமிடத்துக்குள் இருந்தால் சத்தம் நன்றாக நிற்கும். பக்கம் முடியும் உள்வட்டத்தில் ஹை-ஹேட் (டிரம்ஸில் சிறு தாள ஜோடி) கரகரக்கும் என்பதால் உயர் ஒலி மிகுந்த, பளிச்சென்ற டிராக்கை முதலில் வையுங்கள்.