என் பெண்ணுக்குத் தன் முகமே பிடிக்காமல் போனது. இதுபோல் நடந்தவர்கள் எழுதுங்கள்

மஞ்சக்குப்பம் அம்மா:

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அவள் தோழிகளும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கடற்கரைச் சாலையில் கொஞ்ச நேரம் நடை, அப்புறம் ஒயிட் டவுனில் படம் எடுப்பது. மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் இருக்கிற தெருவில் எப்போது போனாலும் பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள். நூற்றுக்கு மேல் இருக்கும். கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் ஒரே ஒரு படம்தான் மிச்சம். அதன் மேல் விரலை வைத்து நகர்த்தினாள். முகம் வெளுத்தது, மூக்கு மெலிந்தது, தாடை குறுகியது. காது மட்டும் அவள் நிறத்திலேயே நின்றது. அதைக் கவனித்துவிட்டு, காது தெரியாதபடி படத்தின் ஓரத்தை வெட்டினாள்.

அவள் என் நிறம், என் அம்மாவின் நிறம். “என்னடி இது, உன்னை மாதிரியே இல்லையே” என்றேன். “அதுக்குத்தாம்மா” என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். படத்தைப் போட்ட ராத்திரி இரண்டு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். அதே சுவர் முன்னால் எடுத்த தோழியின் படத்துக்கு நானூறு லைக், இவளுக்கு அறுபத்தொன்று. பல வாரம் கழித்து இதை அவளே சொன்னாள். அந்த எண் அவளுக்கு மறக்கவே இல்லை. முதலில் காலைச் சாப்பாடு நின்றது, பிறகு ராத்திரியும் “பசிக்கல”. ஒருநாள் அவள் யூனிஃபார்மைத் துவைக்கும்போது என் விரலில் ஊக்கு குத்தியது. திருப்பிப் பார்த்தால், சுடிதாரை இரண்டு பக்கமும் உள்ளே மடித்து ஊக்கு போட்டிருக்கிறாள். அவ்வளவு இளைத்திருக்கிறாள். தினமும் சோறு போடுகிற எனக்கு அதுவரை தெரியவில்லை.

அன்றைக்குக் கோபத்தில் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அழுதாள். “இப்ப என்னைப் பத்தி அங்க என்ன பேசறாங்கன்னே எனக்குத் தெரியலம்மா” என்றாள். போனைப் பூட்டியதால் அவள் நிம்மதியாகவில்லை. பயம்தான் கூடியது.

மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். “பிள்ளைக்கு என்ன பைத்தியமா?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டார்கள், கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டர் போனைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள், மாதவிலக்கு சரியாக வருகிறதா என்றுதான் முதலில் கேட்டார். இரண்டு மாதமாகப் போய் வருகிறோம். இதுபோல் உங்கள் வீட்டில் நடந்திருந்தால் எழுதுங்கள். தனியாக இருப்பது போல இருக்கிறது.

தென்பெண்ணைக் கரை:

அக்கா, உங்கள் வீட்டில் அழகு என்றால் எங்கள் வீட்டில் பயம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அப்பாடா என்று இருந்த நேரத்தில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு என்று எங்கள் பக்கமெல்லாம் ஆற்றுத் தண்ணீர் ஏறியது. நாங்கள் மாடியில் இருந்தோம். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், படகு எந்தப் பக்கம் வருகிறது என்பதெல்லாம் போனில் எங்கள் வாட்ஸ்அப் குரூப் வழியாகத்தான் தெரிந்தது. அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் அதே குரூப்பில் யாரோ ஒருவர் குரலும் வந்தது: “அணை உடைஞ்சிடுச்சு, ரெண்டு மணி நேரத்துல ஆள் உயரத்துக்கு வந்துடும்.” அணை உடையவே இல்லை. என் அம்மா 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் கூடப்பிறந்த தங்கையைப் பறிகொடுத்தவர். அந்தக் குரலை அவர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். நாங்கள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவி விட்ட பிறகும் அம்மா வெள்ள வீடியோ பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி இன்னும் பத்து வருகிறது. அதில் பாதி வேறு ஊர், வேறு வருஷம். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எல்லாம் நம் தெருதான். மார்ச் மாத வெயிலில் ஒருநாள் வேலை முடிந்து வந்தால், அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அறுபத்தெட்டு வயசு. “எதுக்கும் இருக்கட்டும்டா” என்றார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

நான் போனை வாங்கி வைக்கவில்லை. தினம் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து வானிலை மையத்தின் அறிவிப்பை மட்டும் சேர்ந்து பார்ப்போம். மழை இல்லை என்றால் இல்லை என்று நானே சத்தமாகப் படிப்பேன். அந்த குரூப்பை அவரே சத்தம் வராமல் வைத்துவிட்டார். தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. மூட்டை கீழே இறங்க ஆடி ஆனது.

லாஸ்பேட்டை:

மஞ்சள் சுவர் என்று அக்கா சொன்னதால் எழுதுகிறேன். அந்தச் சுவர்களில் சிலவற்றுக்கு நானும் என் அப்பாவும் பெயிண்ட் அடித்திருக்கிறோம்.

ஸ்கூல் படிக்கும்போது டிக்டாக்கில் டான்ஸ் வீடியோ போடுவேன். நாற்பதாயிரம் பேர் ஃபாலோ செய்தார்கள். 2020 ஜூன் கடைசியில் அரசு தடை போட்டு அந்த ஆப்பே நின்றுபோனது. மறுநாள் காலையில் என்னை யாருக்கும் தெரியாது. லாக்டவுன் வேறு. ஒரு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாகணும் என்றுகூடத் தோன்றியது, யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன். அப்பா ஒன்றும் கேட்காமல் வேலைக்குக் கூட்டிப் போனார். பட்டி பார்த்துத் தேய்க்கிறபோது கை நோகும், ராத்திரி படுத்தவுடன் தூக்கம் வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மருந்து. தங்கச்சியிடம் சொல்லுங்கள் அக்கா, அந்தச் சுவரில் யார் நின்றாலும் ஒரே வெளிச்சம்தான்.

முத்தியால்பேட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்:

லாஸ்பேட்டை தம்பி, நீ எழுதியதற்கு முதலில் நன்றி. அப்படி ஒரு எண்ணம் திரும்ப எட்டிப் பார்த்தால் ஒரு நிமிஷமும் தள்ளிப்போடாதே. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மஞ்சக்குப்பம் அம்மாவுக்கு: பிடுங்கியதற்காக உங்களை நான் குறை சொல்ல மாட்டேன், பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். ஆனால் பிள்ளையின் காதுபட ‘அடிக்ட்’ என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. சமூக ஊடகத்துக்கு அப்படித் தனி நோய்ப் பெயர் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது தூக்கம், சாப்பாடு, படிப்பு, ஆட்களோடு பழகுவது. இவற்றில் எது கெட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கை ஏன் போனுக்கே போகிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தூண்டில் போடுகிறவரைப் பாருங்கள். எப்போது கடிக்கும் என்று தெரியாததால்தான் எழுந்து வர மனசு வருவதில்லை. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டியதும் இதைத்தான். தானியம் எப்போது விழும் என்று தெரியாதபோது புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். லைக்கும் அப்படித்தான் வருகிறது. அதனால் பிள்ளைக்கு மன உறுதி இல்லை என்று நினைக்காதீர்கள்.

2021-ல் ஃபிரான்சஸ் ஹாகன் என்ற பெண் தான் வேலை பார்த்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியதாகச் சொன்னதை, நிறுவனத்தின் சொந்த ஆய்வே பதிவு செய்திருந்தது. உங்கள் பெண் தனி ஆள் இல்லை அம்மா.

ராத்திரி போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். அவளுடையது மட்டும் இல்லை, வீட்டில் எல்லோருடையதும். உங்களுடையதும்.

மஞ்சக்குப்பம் அம்மா:

எல்லோரும் எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தாள். “அந்த அண்ணன் இப்ப நல்லா இருக்காராம்மா?” என்று கேட்டாள். நல்லா இருக்கீங்களா தம்பி? பதில் போடுங்கள், அவள் காத்திருக்கிறாள்.

மூன்று வாரமாக எல்லா போனும் ராத்திரி சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜில் இருக்கிறது. முதல் வாரம் எனக்கே கை பரபரத்தது. போன ஞாயிறு பாண்டிச்சேரி போனோம், அவளாகவே ஒரே ஒரு படம் எடுத்தாள், என்னை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறேன். அதை எங்கேயும் போடவில்லை.

ராத்திரிச் சாப்பாடு இன்னும் பாதிதான். நேற்று யூனிஃபார்ம் துவைத்தேன். இடது பக்கம் ஊக்கு இல்லை, வலது பக்கம் இருக்கிறது.